நான் ஊற்றிய ஒயின்

ரோமில் டூர் லீடராக வேலைக்குச் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. ஊரில் எல்லோருக்கும் நான் கைடுதான். ஆனால் கைடு வேறு, நான் வேறு. இங்கே ஒவ்வொரு இடத்தின் வரலாற்றையும் சொல்வதற்கு உரிமம் பெற்ற உள்ளூர் கைடு வருவார், பேசுவார், போய்விடுவார். நான் முதல் நாள் விமான நிலையத்திலிருந்து கடைசி நாள் விமான நிலையம் வரை குழுவோடு இருப்பவன். பஸ், அறை, சாப்பாடு, மருந்துக்கடை, காணாமல் போன பெட்டி, இரவு பதினொரு மணிக்கு வரும் பல்வலி எல்லாம் என் பொறுப்பு.

சாப்பாடும் ஒயினும் பார்க்க வருகிற குழுக்களை நிறைய நடத்தியிருக்கிறேன். அதோடு யூதப் பாரம்பரியமும் சேர்ந்த குழு அந்த ஏப்ரலில்தான் முதன்முதலாக என் கைக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து 18 பேர். யூதர்களின் பாஸ்கா பண்டிகை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரும்பாலானோர் யூதர்கள், நான்கைந்து பேர் அவர்களுடைய நண்பர்கள். யூதர்களிலும் கோஷர் என்ற யூத உணவு விதிகளை முழுக்கக் கடைப்பிடிப்பவர்கள் 5 பேர்தான். மற்றவர்களில் சிலர் பன்றியை மட்டும் தவிர்ப்பார்கள், சிலர் எதையும் தவிர்க்க மாட்டார்கள். ஒரே மேசையில் இவர்கள் எல்லோரும் உட்கார வேண்டும். இந்த வேலையின் கஷ்டமும் அழகும் அந்த மேசைதான்.

ரோமில் இரண்டு நாள். யூதர்களை ஒதுக்கி வைத்திருந்த பழைய கெட்டோ பகுதியில், ஒத்தாவியா மண்டபத் தெருவில் நடந்தோம். ரோமின் யூதர்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த நகரத்தில் வாழ்கிறவர்கள். 1555-இல் போப் நான்காம் பால் அவர்களைத் திபேர் ஆற்றங்கரையில், வெள்ளம் ஏறுகிற ஒரு மூலைக்குள் சுவர் கட்டி அடைத்தார். இரவானால் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் மஞ்சள் தொப்பி போட வேண்டும். பழைய துணி வியாபாரம், அடகுக்கடை போன்ற சில தொழில்களுக்குத்தான் அனுமதி. 1870-இல் போப்பின் ஆட்சி முடிந்த பிறகுதான் அந்த வாழ்க்கை முழுதாக முடிந்தது. மூன்று நூற்றாண்டுக்கும் மேல்.

அந்தத் தெருவில் இன்று மக்கள் வரிசையில் நின்று சாப்பிடுவது, அந்த அடைப்புக்குள் பிறந்த சாப்பாட்டைத்தான். பெரிய மீன் வசதியானவர்களுக்குப் போய்விடும். மண்டபத்துப் பக்கம் பழைய மீன் சந்தை இருந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: இந்தக் கல்லைவிட நீளமான மீனின் தலையை நகர அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று. யூதர்களுக்கு வாய்த்தது நெத்திலி. அதைக் கசப்புக் கீரையோடு அடுக்கி வேகவைத்தார்கள். சீமைச்சுரைக்காயைப் பொரித்து வினிகரில் ஊறவைத்தார்கள். ஆர்ட்டிசோக் என்ற, பூமொட்டு மாதிரியான காயின் முரட்டு இதழ்களைச் சீவிவிட்டு, எண்ணெயில் ஒருமுறை வேகவிட்டு, அப்புறம் இதழ்களை விரித்து மறுபடி பொரித்தார்கள். கடைசியில் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் எண்ணெய் சீறும், இதழ்கள் அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாகிவிடும். தட்டில் வரும்போது பித்தளையில் செய்த பூ போல இருக்கும். 'யூதர் பாணி ஆர்ட்டிசோக்' என்றே அதற்குப் பெயர்.

"இதை நாங்கள் சாப்பிடலாமா?" என்று கோஷர் கடைப்பிடிக்கும் அந்த ஐவரில் ஒரு அம்மா கேட்டார். கேள்விக்குக் காரணம் உண்டு. 2018-இல் இஸ்ரேலின் தலைமை ரபி (யூத மதகுரு) அலுவலகம், இதழ்களுக்கு நடுவே பூச்சி இருந்தால் தெரியாது, ஆகவே முழுதாகப் பொரித்த ஆர்ட்டிசோக் கோஷர் ஆகாது என்றது. ரோமின் யூதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஆர்ட்டிசோக்கின் இதழ்கள் பூச்சி நுழைய முடியாதபடி இறுக்கமானவை, எங்கள் பாட்டிகளுக்குச் சுத்தம் செய்யத் தெரியும் என்றார்கள். நான் அந்த அம்மாவிடம் இரண்டு தரப்பையும் சொன்னேன், பதில் சொல்லவில்லை. இன்னொருவருடைய நம்பிக்கையில் எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்வது டூர் லீடரின் வேலை இல்லை. அவர் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துவிட்டு, ஒரு இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

அதே தெருவில் வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவு பித்தளைக் கற்கள் பதித்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். 1943 அக்டோபர் 16, சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஜெர்மானியர்கள் விடியற்காலையில் வந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், திரும்பி வந்தவர்கள் 16 பேர். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான், 50 கிலோ தங்கம் கொடுத்தால் விட்டுவிடுவோம் என்று வாங்கியிருந்தார்கள். கைடு இதைச் சொல்லி முடித்ததும் யாரும் நகரவில்லை. சாப்பாட்டுக் கடைக்கு 1 மணிக்குச் சொல்லி வைத்திருந்தேன். போன் செய்து அரை மணி தள்ளி வைத்தேன். அந்த நேரத்தில் "வாங்க, போகலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிதில்யானோவுக்குக் கிளம்பினோம். தெற்கு தஸ்கனியில், மென்மையான எரிமலைக் கல்லின் உச்சியில், கல்லும் வீடும் எது எதுவென்று தெரியாமல் எழுந்து நிற்கும் ஊர். 'குட்டி ஜெருசலேம்' என்று பெயர். 1569-இல் போப் ஐந்தாம் பயஸ், ரோமையும் அங்கோனாவையும் தவிர்த்துத் தன் ஆட்சிப் பகுதியிலிருந்து யூதர்களை வெளியேற்றியபோது, எல்லை தாண்டி ஓடி வந்தவர்களில் பலர் இங்கே தங்கினார்கள். 1598-இல் ஜெப ஆலயம் கட்டினார்கள். கீழே போனால் கல்லைக் குடைந்து செய்த சடங்குக் குளியல் தொட்டி, ஒயின் நிலவறை, புளிப்பில்லாத அப்பம் சுட்ட அடுப்பு. நாஜிகள் காலத்தில் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் யூதக் குடும்பங்களைப் பண்ணைகளிலும் குகைகளிலும் ஒளித்து வைத்தார்கள். இன்று அந்த ஊரில் யூதர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்களே.

எனக்கு அன்று கவலையெல்லாம் சூரியன் மேல்தான். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் ஷபாத், அந்த ஓய்வுநாள். மறுநாள் இரவு வரை அந்த ஐவர் வண்டி ஏற மாட்டார்கள், பணம் தொட மாட்டார்கள், மின்விளக்கு போட மாட்டார்கள். கார்டு காட்டித் திறக்கிற அறைக் கதவு அவர்களுக்கு ஆகாது. அதனால் பழைய இரும்புச் சாவி உள்ள விடுதியாகத் தேடிப் பிடித்திருந்தேன். முதல் மாடிக்கு மேல் அறை இல்லை. வராந்தா விளக்கு இரவெல்லாம் எரிய வேண்டும் என்று எழுதி ஒட்டினேன். அவர்களுடைய சாப்பாடு ரோமிலிருந்து சீல் வைத்து வந்திருந்தது. இரண்டு சுற்று அலுமினியத் தாளோடு, சூரியன் மறைவதற்கு முன்பே அடுப்பில் சூடேற்றி வைத்தாயிற்று. ஒன்றையும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒயின் அந்த ஊரிலேயே கிடைத்தது. உள்ளூர்க் கூட்டுறவு ஆலை ரபியின் மேற்பார்வையில் கோஷர் ஒயின் செய்கிறது. திராட்சையை நசுக்குவதிலிருந்து பாட்டிலை மூடுவது வரை ஓய்வுநாள் கடைப்பிடிக்கும் யூதர்களே கைவைக்க வேண்டும் என்பது அதன் விதி. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இரவு மேசையில் 18 பேரும் நானும். ஐவரில் மூத்தவர், ஓய்வுபெற்ற டாக்டர், எழுந்து நின்று ஒயின் கோப்பையைக் கையில் ஏந்தி ஓய்வுநாள் ஆசீர்வாதத்தைப் பாடினார். மொழி புரியாவிட்டாலும் மேசை முழுக்க அமைதி. அப்புறம் சாப்பாடு ஆரம்பித்தது, பேச்சு கலகலப்பானது. அவருடைய கோப்பை காலியாக இருந்ததைப் பார்த்தேன். விருந்தாளியின் கோப்பை காலியாக இருக்கக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். அவர் பக்கத்தில் திறந்திருந்த பாட்டிலை எடுத்து ஊற்றினேன்.

அவர் கை பாதி வழியில் வந்து நின்றது. தாமதமாகிவிட்டது. முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான். "மன்னிக்கணும். நீங்கள் ஊற்றியதை நான் இனி குடிக்க முடியாது" என்று மெதுவாகச் சொன்னார். கோப்பையைத் தள்ளி வைத்தார். பாட்டிலில் மிச்சம் இருந்ததும் அந்த ஐவருக்கு ஆகாது என்று ஆனது. பக்கத்து மேசைக்காரர்கள் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. திண்டுக்கல் பக்கம் எங்கள் கிராமத்து டீக்கடையில் என் அப்பாவுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கூரையில் செருகிவிட்டு வர வேண்டும். நான் சின்னப் பையனாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் தொட்டதால் ஒரு பொருள் கெட்டுவிட்டது என்ற சொல் எனக்குக் காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. சிரித்த முகத்தோடு பழத்தட்டு வரைக்கும் பரிமாறினேன். அறைக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ரோமானியர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கல்லை வெட்டிச் செய்த பள்ளப் பாதைகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. இருபுறமும் சில இடங்களில் இருபது மீட்டருக்குச் சுவர், மேலே ஒரு கோடு வானம். ஓய்வுநாளில் ஊர் எல்லையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கக் கூடாது என்பதால், நான் முன்கூட்டியே நடந்து பார்த்து வைத்த பாதை அது. டாக்டர் என்னோடு நடந்தார். கையில் போன் இல்லை, கேமரா இல்லை, பையில் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு மனிதர் முழுதாகப் பக்கத்தில் நடந்து வந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"நேற்று உங்களைப் புண்படுத்திவிட்டேன்" என்று அவரே ஆரம்பித்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவின் டம்ளரைப் பற்றிச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

பிறகு விளக்கினார். பழங்காலத்தில் பிற சமயத்தார் ஒயினைத் தங்கள் தெய்வங்களுக்கு ஊற்றிப் படைப்பார்கள். வேறு தெய்வத்துக்குப் படைத்ததாக இருக்கக்கூடிய ஒயினைக் குடிக்கக் கூடாது என்று விதி வந்தது. எனக்கு இது உடனே பிடிபட்டது. எங்கள் குலதெய்வம் கருப்பசாமிக்குச் சாராயம் ஊற்றித்தான் படைக்கிறோம், என் கையாலேயே படைத்திருக்கிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம். இரண்டாயிரம் வருடப் பழைய புத்தகத்தில் மட்டும் படித்த ஒரு காரியத்தை உயிரோடு செய்கிற ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எப்படிப் படைப்போம், யார் ஊற்றுவார்கள், மிச்சத்தை யார் குடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு என்று அவரே சொன்னார். சேர்ந்து குடித்தால் நெருக்கம் வரும், நெருக்கம் வந்தால் கல்யாணம் வரும், அது கூடாது என்று பிற்கால ரபிகள் நினைத்தார்கள். இதை அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த இரண்டாவது காரணத்தை நான் இன்றும் ஏற்கவில்லை. அவரிடமும் அப்படியே சொன்னேன். "ஏற்க வேண்டாம்" என்றார்.

அன்று மீதி வழியெல்லாம் யோசித்தபடி நடந்தேன். எங்கள் ஊரில் தனி டம்ளர் வைத்தவன் கையில் நிலம் இருந்தது, கிணறு இருந்தது, எங்கள் கூலி இருந்தது. இவருடைய முன்னோரோ பூட்டிய சுவருக்குள், அடுத்த போப் என்ன செய்வாரோ என்று பயந்துகொண்டே தங்கள் கோப்பையைக் காத்தவர்கள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், ஆகாதது அந்த ஒயின் ஒன்றுதான். இரண்டும் ஒன்றல்ல என்று புத்திக்கு அன்றே தெரிந்துவிட்டது. வயிற்றுக்குத் தெரிய இன்னும் சில பயணங்கள் ஆயின.

வேலையில் சில மாற்றங்கள் செய்துகொண்டேன். இப்போது கோஷர் குழு என்றால் பாட்டில் லேபிளில் 'மெவுஷால்' என்ற சொல்லைத் தேடுவேன். சமைத்தது என்று பொருள். ஒயினைச் சில நொடிகள் நன்றாகச் சூடாக்கி உடனே குளிர்வித்திருப்பார்கள். சமைத்த ஒயின் படையலுக்கு ஆகாதது என்பதால், அதை யார் ஊற்றினாலும் குடிக்கலாம். அந்தச் சொல் இல்லாவிட்டால் பாட்டிலை மூடியபடி மேசையில் வைத்துவிட்டு, திறப்பதையும் ஊற்றுவதையும் அவர்களிடமே விட்டுவிடுவேன். பரிமாறுகிற பையன்களிடம் மாலையிலேயே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் வங்காளதேசத்துப் பிள்ளைகள், இலங்கைப் பிள்ளைகள். காரணத்தையும் சேர்த்தே சொல்வேன். அவர்கள் கை நீட்டி, அது பாதியில் தடுக்கப்படக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் பேக்கரியில் 'ஸ்ஃப்ராத்தோ' வாங்கினேன். வெளியேற்றம் என்று பொருள். மெல்லிய மாவுக்குள் தேனும் அக்ரூட்டும் ஆரஞ்சுத் தோலும் சோம்பும் வைத்து உருட்டிய, தடி மாதிரி நீண்ட பலகாரம். 17-ஆம் நூற்றாண்டில் தஸ்கனியை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் ஆட்கள் யூதர் வீட்டுக் கதவுகளைத் தடியால் தட்டி, வீட்டைக் காலி செய்துவிட்டுக் கெட்டோவுக்குப் போகச் சொன்னார்கள். அந்தத் தடிதான் இது. யூதப் புத்தாண்டுக்குச் செய்து சாப்பிடுவார்களாம். டாக்டர் தனக்கு வாங்கவில்லை, அந்தக் கடையில் கோஷர் சான்று இல்லை. எனக்குத்தான் காசு கொடுத்தார். "உங்கள் அப்பாவுக்கு" என்றார்.

மே மாதம் விடுமுறையில் ஊருக்கு எடுத்துப் போனேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் கம்பு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். கதவு தட்டிய கதையைச் சொன்னேன். பாட்டில் கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த டாக்டர் உன் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டாரா?" என்றார்.

"ஆமாப்பா. மூணு வேளையும்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தடியை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அம்மாவிடம் நீட்டினார்.