நிமோனியா கேஸில் என்னைக் கவிழ்த்த 34

நேற்று மருத்துவ முதுநிலை மாதிரியான செய்முறைத் தேர்வு இல்லை, எங்கள் மருத்துவச் செய்முறைத் தேர்வின் ரிசல்ட் வந்தது, பாஸ். இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனது நிமோனியா லாங் கேஸில், அதாவது ஒரு நோயாளியை முழுவதும் பரிசோதித்துத் தேர்வாளரிடம் விளக்கும் பகுதியில். அதனால் இதில் கொஞ்சம் புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதைத் தொடாத பெண், மூன்று நாள் காய்ச்சல், இருமல். வலது நுரையீரலின் கீழ்மடலில் தட்டினால் மந்த ஒலி, பிராங்கியல் மூச்சொலி (கரகரப்பான, உரத்த மூச்சொலி), வோக்கல் ரெசொனன்ஸ் (பேசும்போது ஸ்டெத்தில் கேட்கும் குரல் அதிர்வு) அதிகம். எல்லாம் சரியாகச் சொன்னேன். "மூச்சு எண்ணிக்கை?" என்றார் தேர்வாளர். "20 சார்." சார்ட்டில் அப்படித்தான் இருந்தது. அந்த வார்டில் எந்த சார்ட்டைப் பார்த்தாலும் 20தான்! அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். "எண்ணுங்க." முழு ஒரு நிமிடம். 34.

அதோடு விட்டிருந்தாலாவது பிழைத்திருப்பேன். "அப்போ கர்ப்-65 எவ்வளவு? என்ன செய்வீங்க?" கர்ப்-65 என்பது நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் ஸ்கோர்; குழப்பம், யூரியா, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், 65 வயது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். குழப்பம் இல்லை, யூரியா சரி, ரத்த அழுத்தம் சரி, வயது குறைவு; மூச்சு மட்டும் அதிகம். "ஒன்று சார், வீட்டுக்கு அனுப்பலாம்" என்றேன். அவர் எதுவும் பேசாமல் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அதைக் கழற்றினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 88 சதவீதம்.

கர்ப்-65இல் ஆக்ஸிஜனுக்கு இடமே இல்லை. வயதுக்கு ஒரு மதிப்பெண் இருப்பதால் இளவயதினர் அதில் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார்கள். ஸ்கோரைச் சொன்ன அதே மூச்சில் செறிவு, எக்ஸ்-ரேயில் எத்தனை மடல்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை எலும்பு முறிவுக்காகச் சேர்ந்த முதியவர். ஆறாம் நாள் திடீர்க் குழப்பம், காய்ச்சலே இல்லை. நான் முதலில் கேட்டது அட்மிஷன் தேதி. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் அது மருத்துவமனைத் தொற்று. கிருமியும் வேறு, மருந்தும் வேறு. கர்ப்-65 வெளியிலிருந்து நிமோனியாவோடு வருபவர்களுக்காக உருவானது. அதை இவருக்குப் போட மாட்டேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அந்த ஒரு வரிக்குத்தான் மார்க் விழுந்தது என்று நம்புகிறேன்.

மற்றவை, வரிசையில்லாமல்:

- கர்ப்-65இல் யூரியா வரம்பு லிட்டருக்கு 7 மில்லிமோல். டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் என்றால் யூரியா 42, பி.யூ.என். (யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும்) என்றால் கிட்டத்தட்ட 20. ரிப்போர்ட்டில் எது இருக்கிறது என்று பார்க்காமல் வாயைத் திறக்க வேண்டாம்.
- கீழ் ரத்த அழுத்தம் 60 அல்லது அதற்குக் கீழ் என்றாலே ஒரு மதிப்பெண். மேல் அழுத்தம் என்றால் 90க்குக் கீழே போக வேண்டும். நான் இரண்டு வருடமாக மாற்றிப் படித்திருந்தேன்.
- நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் இன்னொரு ஸ்கோரான பி.எஸ்.ஐ.யின் இருபது அம்சங்களையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஐந்து வகுப்புகள் உண்டு, வயது அதிக எடை பெறும் என்று தெரிந்தால் போதும். (எனக்கு மனப்பாடம் வராது. வருபவர்கள் செய்துகொள்ளுங்கள்.)
- தீவிர சிகிச்சைப் பிரிவு யாருக்குத் தேவை என்று கேட்டால் செயற்கை சுவாசம், ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்து தேவைப்படும் அதிர்ச்சி நிலை, இவற்றில் தொடங்குங்கள். அப்புறம் வெள்ளணுக்கள் 4,000க்குக் கீழ், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ், வெப்பநிலை 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழ். காய்ச்சல் இல்லாமல் சில்லிட்டுக் கிடப்பவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.
- எக்ஸ்-ரே நிழலெல்லாம் நிமோனியா அல்ல. இதயச் செயலிழப்பு, நுரையீரல் ரத்தக்கட்டி, சுருங்கிய மடல், காசநோய் நான்கையும் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.
- நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்குங்கள். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்த்து எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார்.