சக்கர வீட்டில் நீரின் ஆட்சி

சக்கரங்களின் மேல் நிற்கும் சிறு வீட்டில் நானும் என் மனைவியும் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நீளம் ஆறு மீட்டர். அகலம் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைவிட மிகவும் கூடினால் பல நாடுகளில் சிறப்பு அனுமதியின்றிச் சாலையில் இழுத்துச் செல்ல முடியாது. பார்க்க வருபவர்கள் அனைவரும், இவ்வளவு சிறிய இடத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இடம் ஒரே மாதத்தில் பழகிவிட்டது. எங்கே நிறுத்துவது, எத்தனை நாள் தங்குவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, மெத்தைக்கு அடியில் என்ன பலகை போடுவது என்று இன்றுவரை எங்களை ஆட்டிவைப்பது நீர்.

முதலில் அதன் எடை. எங்கள் தொட்டி 200 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் 200 கிலோ, அதாவது மூன்று பெரிய ஆட்களை ஏற்றிக்கொண்டதற்குச் சமம். குழாய் குறைவாகச் செலவாகும் என்று நினைத்து, கட்டும்போது அதைப் பின்கோடியில், சமையல் மேடைக்குக் கீழே வைத்தேன். வீட்டின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு முன்னால் இருக்கும் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது ட்ரெய்லர் இழுப்பவர்களின் பாலபாடம். சக்கர அச்சுக்குப் பின்னால் எடை ஏறினால் கொக்கி லேசாகிறது. கொக்கி லேசானால் வால் ஆடத் தொடங்குகிறது. ஓர் இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்து சென்றபோது அது எழுப்பிய காற்றில் வீடு இடமும் வலமுமாக ஆடியதைக் கண்ணாடியில் பார்த்தேன். பிரேக்கை அழுத்திவிடாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, வேகம் தானாகக் குறையும்வரை ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே தொட்டி அச்சுக்கு மேலே வந்துவிட்டது. பாதி நிரம்பிய தொட்டியில் நீர் தளும்பி எடையை இங்கும் அங்கும் தள்ளுவதால், இப்போது பயணத்தின்போது அடியில் ஏதோ கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுகிறோம்.

நிறுத்திய பிறகு வேறொரு கணக்கு தொடங்குகிறது. சாதாரண ஷவர் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டரைக் கொட்டிவிடும்; எங்கள் இருவருக்கும் ஒரு நாள் முழுவதற்கும் 40 லிட்டர்தான். உடலை நனைத்து, குழாயை மூடி, சோப்பு தேய்த்து, மறுபடி திறந்து அலசிவிட்டு வந்துவிட வேண்டும். இந்தக் கணக்கில் தொட்டி ஐந்து நாள் தாங்கும் என்று பெருமைப்பட்டிருந்த எனக்கு, உள்ளே வந்த நீர் வெளியேயும் போக வேண்டும் என்பது உறைக்கச் சில வாரங்கள் ஆயின. கழுவுநீர்த் தொட்டி 120 லிட்டர்தான். ஆகவே எங்கள் கெடு உண்மையில் மூன்று நாள். கழிப்பறை நீரில்லாதது, சிறுநீரைத் தனியாகப் பிரிப்பது. இரண்டும் கலக்காதவரை நாற்றம் வியக்கத்தக்க அளவு குறைவாக இருக்கிறது என்பதோடு இந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

நீரைக் குழாய்க்குத் தள்ளுவது 12 வோல்ட் பம்ப். குழாயைத் திறந்தால் உறுமும், மூடினால் அழுத்தம் ஏறியதும் நின்றுவிடும். முதல் குளிர்காலத்தில் ஒரு நள்ளிரவு, யாரும் எதையும் திறக்காதபோது அது ஒரு நொடி உறுமி அடங்கியது. இருபது நிமிடம் கழித்து மறுபடியும் ஒரு நொடி. எங்கோ சொட்டுகிறது, அழுத்தம் இறங்குகிறது, பம்ப் அதை ஈடுசெய்கிறது என்பது புரிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு சிங்க்கின் அடியில் தலையை நுழைத்தேன். சாலை அதிர்வில் ஒரு நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது. கையால் திருகினாலே இறுகிவிடும் அளவுதான். ஆனால் அதற்குக் கீழிருந்த பிளைவுட் விளிம்பு ஊறிய ரொட்டியைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எல்லா இணைப்புகளுக்கு அடியிலும் உலர்ந்த காகிதத்தை வைத்து, மறுநாள் காலையில் எடுத்துப் பார்க்கிறோம்.

இவற்றையெல்லாம் விட மோசமானது, எந்தக் குழாயும் இல்லாமல் வீட்டுக்குள் வரும் நீர். எங்கள் வீட்டுக்குள் இருக்கும் காற்று சுமார் 35 கன மீட்டர். இருபது டிகிரி வெப்பத்தில் அவ்வளவு காற்றும் சேர்ந்து ஏறக்குறைய 600 கிராம் நீராவியைத்தான் தாங்கும். உறங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து ஓர் இரவில் கிட்டத்தட்ட அந்த அளவை வெளிவிட்டுவிடுகின்றன. போதாக்குறைக்கு, ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீர் ஆவியாக வெளியேறுகிறது. எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் வேறெங்கே போகும்? பெரிய வீட்டில் இது எங்கோ கலைந்து போகும். இங்கே அது குளிர்ந்த பரப்பைத் தேடிப் படிகிறது: ஜன்னல் கண்ணாடி, சுவரைத் தாங்கும் இரும்புச் சட்டம், மெத்தையின் அடிப்பக்கம்.

மெத்தையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு நான்கு மாதம் தோன்றவே இல்லை. தூக்கியபோது எங்கள் இருவரின் உடல் வடிவிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முழுப் பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட மரச்சட்டங்களைப் பொருத்தினேன். குளிரில் ஜன்னலைத் திறப்பது மடத்தனம் என்று அதுவரை எல்லா இடுக்குகளையும் அடைத்து வைத்திருந்தவனும் நான்தான். ஐந்து டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் ஏழு கிராமுக்கும் குறைவான நீரையே கொண்டிருக்கும். அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கினால் அது உலர்ந்த காற்று. இப்போது இரவு முழுவதும் கூரை விசிறி மெதுவாகச் சுழல்கிறது, கீழ் ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கிறது. சூடாக்கும் செலவு சற்றுக் கூடியிருக்கிறது. நான் அதைப் பற்றி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டேன், மனைவி இன்னும் நிறுத்தவில்லை.

துணி அலமாரியின் பின்பலகையைத் தொட்டால் மட்டும் இப்போதும் சில்லென்றிருக்கிறது. அதற்குப் பின்னால் இரும்புச் சட்டம் ஒன்று ஓடுகிறது. அடுத்த முறை ஒரு வாரமாவது நிற்கக் கிடைத்தால் அந்தப் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை கம்பளித் துணிகளை அங்கிருந்து எடுத்து மேல்தட்டில் வைத்திருக்கிறோம்.