பறவைன்னா பரிகாரம்

போன பங்குனியில் கூடலூரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். நீலகிரிக் கூடலூர் இல்லை, குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வருமே, அந்தத் தேனி மாவட்டத்துக் கூடலூர். ராத்திரி கரண்ட் போனது, காற்றுக்காகக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தோம், கரண்ட் திரும்பி வந்தபோது ஹாலில் ஒரு வௌவால் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, என் மனைவி ஓடிப்போய் ஃபேனை அணைத்தாள். அது நாலு சுற்று சுற்றிவிட்டு எங்கள் கல்யாண போட்டோ சட்டத்தில், சரியாக என் தலைக்கு மேலே, தொங்க ஆரம்பித்தது.

"பறவ வீட்டுக்குள்ள வந்தா ஆகாது மாப்ள. பரிகாரம் பண்ணணும்" என்றார் மாமியார்.

பரிகாரம் என்றால் ஐயர், ஹோமம், சாப்பாடு. இந்த வீட்டில் அந்த மாதிரிச் செலவெல்லாம் எப்படியோ சுற்றி வந்து மூத்த மாப்பிள்ளை தலையில்தான் விடியும். அதனால்தான் எனக்குள் விலங்கியல் விழித்துக்கொண்டது.

"அத்தை, அது பறவையே இல்லை."

"பறக்குதுல்ல?"

"ஈசல் கூடத்தான் பறக்குது."

செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினேன். இறகு ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள், உடம்பு முழுக்க முடி, காது மடல், வாயில் பல். அது விரிப்பது கை. கட்டைவிரல் மட்டும் கொக்கி மாதிரி வெளியே நிற்க, மற்ற நாலு விரலும் குடைக்கம்பியாக நீண்டு, நடுவில் தோல். அந்த இனத்துக்கே கிரேக்கத்தில் 'கைச்சிறகு' என்று பொருள்படும் கைராப்டெரா என்றுதான் பெயர், உலகத்தில் 1,400 வகைக்கு மேல் உண்டு, பாலூட்டிகளில் நிஜமாகச் சிறகடித்துப் பறக்கிறது இவை மட்டும்தான். இந்த வேகத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். தொங்குவதற்கு அது சிரமப்படவே வேண்டாம், உடம்பு எடையே தசைநாரை இழுத்து விரல்களைப் பூட்டிவிடும், செத்தால்கூட சில சமயம் தொங்கியபடியே இருக்கும் என்று சொன்னேன்.

"செத்தும் போகாதா! அப்ப எம்புட்டு நாளைக்கு என் மக போட்டோவுல தொங்கும்?"

பக்கத்து வீட்டுச் சேச்சி அதற்குள் வந்துவிட்டார். குமுளிக்காரர். வாசலிலேயே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது நரிச்சீறல்ல, வாவலா" என்றார். பூச்சி தின்கிற பொடிசு அவர்களுக்கு நரிச்சீறு, பழம் தின்கிறது வாவல். நாம் ரெண்டையும் வௌவால் என்று ஒரே பேரில் அடைக்கிறோம். 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்ததிலிருந்து வாவல் என்றாலே அவருக்கு நடுக்கம், யாரும் வெறுங்கையால் தொடாதீர்கள் என்று கத்தினார். அது நியாயமான கத்தல்.

என் வகைப்பாட்டு வகுப்பு நிற்கவில்லை. 1758-இல், உயிர்களை வகை பிரித்துப் பேர் வைத்த லின்னேயஸ் வௌவாலை மனுஷன், குரங்கு இருக்கிற வரிசையிலேயே வைத்தார், மார்பில் இரண்டு பால்காம்பு இருப்பதும் ஒரு காரணம் என்றேன். மாமியார் போட்டோவில் என்னைப் பார்த்தார், மேலே அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஆட்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள் அத்தை, நம்ம மொட்டைமாடியிலிருந்து தெரிகிற மேகமலையில் 1948-இல் ஹட்டன் என்பவர் பிடித்த பழந்தின்னியைச் சாதாரண வகை என்று சீட்டு ஒட்டி மும்பையில் வைத்துவிட்டார்கள், 1972-இல் தாய்லாந்துக்காரர் கிட்டி தோங்லோங்யா பார்த்துத்தான் அது புது இனம், புதுப் பேரினம் என்று கண்டு பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி பேரை வைத்தார் என்று நான் உருகிக்கொண்டிருக்கும்போது மாமனார் குறுக்கே வந்தார். திராட்சைத் தோட்டத்துக்கு வலை கட்டியே நொந்துபோனவர்.

"எந்தச் சாதியா இருந்தா என்ன, வாயால தின்னு வாயாலயே கழியிற சனியன்."

அதற்குக் காது கேட்டதோ என்னவோ. கட்டைவிரல் கொக்கிகளைச் சட்டத்தில் மாட்டியது, காலை விட்டது, தலை மேலே கால் கீழே என்று நிமிர்ந்து தொங்கி, உரிய வழியாகவே கழிந்தது. என் பட்டுவேட்டி மேல். போட்டோவில் இருக்கிற வேட்டியைச் சொல்கிறேன். ஊர் முழுக்க நம்புகிற ஒரு விஷயம் ஒரே நிமிஷத்தில் பொய்யானதை யாரும் ரசிக்கவில்லை.

ஆனால் அது நிமிர்ந்தபோது வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு கரிய உருண்டை தெரிந்தது. அக்குளோரமாகத் தாயின் காம்பைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டி.

"அடியாத்தி! பால்குடிப் பிள்ளைக்காரிடீ!" மாமியார் குரலே மாறிவிட்டது. "லைட்ட அமத்துங்க. பச்சப்புள்ள கண்ணு கூசும்ல."

ஜன்னல், கதவு எல்லாம் திறந்து, விளக்கெல்லாம் அணைத்து, சேச்சி உட்பட ஆறு பேர் அடுக்களையில் கொசுக்கடியில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் தாயும் பிள்ளையும் போயிருந்தார்கள். பரிகாரப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் ராத்திரி மாமனார் பல் குச்சி தேடிக் கொல்லைப்பக்கம் போனவர் ஜன்னல் திட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அவர் வலை கட்டிக் காப்பாற்றிய பன்னீர் திராட்சையில் நல்ல கொத்தாக ஒன்று, கழுவித் தட்டில் வைத்திருந்தது.

"பிள்ளைக்காரிக்குப் பசிக்கும்ல" என்றது அடுக்களையிலிருந்து ஒரு குரல்.