வாங்கும்போது பார்த்த கண்

ஆடு வாங்கப் போனால் எடுத்ததும் கிட்டே போக மாட்டேன். தள்ளி நின்று கால் மணி நேரம் சும்மா வேடிக்கை பார்ப்பேன். எது ஒதுங்கி நிற்கிறது, எது காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறது, எது நிம்மதியாகப் படுத்து அசை போடுகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். விற்பவர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும். அப்புறம்தான் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பது (முன்பல் கீழே மட்டும்தான், எட்டும் நிலைப்பல்லாக மாறியிருந்தால் வயது 4 வாக்கில் இருக்கும்), வாலைத் தூக்கிக் கழிச்சல் கறை தேடுவது, குளம்பை முகர்ந்து பார்ப்பது. முகர்வதைக் கண்டு சிரிப்பார்கள். குளம்பு அழுகலுக்கு என்று ஒரு நாற்றம் உண்டு, ஒரு தடவை பட்டால் மறக்காது.

கடைசியாகக் கண். கீழ் இமையை இழுத்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால், ஆடு எவ்வளவு கொழுத்திருந்தாலும் நான் வாங்குவதில்லை.

அந்தக் கறுப்புப் பெட்டையை இவ்வளவும் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு மாதம் தனிக் கொட்டிலில் வைத்து, குடற்புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, அதன் பிறகே மந்தையோடு விட்டேன். தப்பு அதற்குப் பிறகு நடந்தது. நம் ஆடு ஆகிவிட்டதே, தினமும் பார்க்கிறோமே என்ற நினைப்பில் அந்த இமையை நான் மறுபடி இழுத்துப் பார்க்கவே இல்லை.

மழைக்காலத்தில் கொஞ்சம் பின்தங்கி நடந்தது. ஒரு சாயங்காலம் தாடைக்கு அடியில் லேசாக வீங்கித் தொங்கியது, காலையில் பார்த்தால் வற்றியிருந்தது, சரி என்னவோ கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தீனி எடுத்தது, புழுக்கையும் உருண்டையாகத்தான் போட்டது, அதனால் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நாலாம் நாள் விடிகாலையில் சுவரோரமாக விறைத்துக் கிடந்தது.

மருத்துவர் அறுத்துக் காட்டினார். ஆட்டு வயிற்றின் நாலு அறைகளில் கடைசி அறையின் உள்சுவர் முழுக்க, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போலப் புழுக்கள். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைகூட இடுமாம், ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கும் குஞ்சுகளை மேயும்போது ஆடு விழுங்கிவிடுகிறது. இந்தப் புழு ரத்தத்தைத்தான் குடிக்கும், பெரும்பாலும் கழிச்சல் வராது. தாடை வீக்கமும் ரத்தம் குறைந்ததால் வந்ததுதான், தலை குனிந்து மேய்ந்த பிறகு மாலையில் இறங்கும், ராத்திரியில் வற்றும். அவர் சொல்லச் சொல்ல நான் செத்த ஆட்டின் இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெள்ளை.

இரண்டு நாள் கொட்டில் பக்கமே போகப் பிடிக்கவில்லை. போய்த்தானே ஆக வேண்டும், மற்றதுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமே. அதோடு ஒட்டித் திரிந்த வெள்ளைப் பெட்டை வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இமையைப் பார்த்தேன். இரண்டுக்கு வெளுத்திருந்தது. கத்திக்கொண்டிருந்த அந்த வெள்ளைப் பெட்டை அதில் ஒன்று. வெளுத்ததற்கு மட்டும் மருந்து கொடு, எல்லாவற்றுக்கும் ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எடை போட்டு, அளந்து, அந்த இரண்டுக்கும் ஊற்றினேன். இப்போது மழைக்காலத்தில் 2 வாரத்துக்கு ஒரு தடவை அத்தனை ஆட்டையும் பிடிக்கிறேன். வெள்ளைப் பெட்டைக்கு இமையில் கை வைத்தாலே கோபம் வருகிறது, முட்டுகிறது.