சின்ன மர லேத்துக்கு பெல்ட் மாற்றிய அனுபவம்

உளியைக் கொஞ்சம் அழுத்தினாலே சுற்றுகிற கட்டை நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் முதலில் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். மரம் கடைகிற என் லேத்தில் அப்படித்தான் ஆரம்பித்தது. மேசை மேல் வைக்கிற, விலை குறைந்த, இறக்குமதிச் சரக்கு. பெல்ட்டைப் படி மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற படிப் புல்லி. காய்ந்த பூவரசங்கட்டையைச் சதுரத்திலிருந்து உருட்டாக்கும்போது முதலில் கீச்சென்று சத்தம், அப்புறம் கட்டை நின்றுபோனது. மூடியைத் திறந்தால் உள்ளே எங்கும் கறுப்புத் தூள். மரத்தூள் இந்த நிறத்தில் வராது, ரப்பர்தான். பெல்ட்டைப் பின்பக்கமாக மடக்கிப் பார்த்தேன். நீளவாக்கில் ஓடும் வரிகளுக்குக் குறுக்கே வரிசையாக வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்து நின்றது.

பெல்ட் வழுக்கினால் ஸ்ப்ரே அடி, ரோசனப் பொடி போடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. மர லேத்துக்கு அதைச் செய்யாதீர்கள். பிசுபிசுப்பில் மரத்தூள் ஒட்டி, புல்லியின் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். வெடித்த பெல்ட்டுக்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட் பெரிய செலவே இல்லை. சரியான பெல்ட் எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பழையதில் அச்சிட்டிருந்த எண் தேய்ந்துபோயிருந்தது. லேத்தை விற்றவரிடம் கேட்டால் பெல்ட் தனியாக வராது என்றார். சரி, நாமே அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சின்ன லேத்துகளில் பெரும்பாலும் இரண்டு வகை பெல்ட் வரும். ஒன்று நமக்குப் பழக்கமான வி-பெல்ட். மேல் அகலம் 10 மி.மீ. என்றால் இசட், 13 மி.மீ. என்றால் ஏ. இன்னொன்று பாலி-வி, தட்டையாக இருந்து உள்பக்கம் மெல்லிய வரிகள் ஓடும். என்னுடையது இந்த இரண்டாவது வகை. இதில் வரிகளை எண்ண வேண்டும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். 2.34 மி.மீ. என்றால் பிஜே, 3.56 மி.மீ. என்றால் பிகே. அவ்வளவு நுணுக்கமாக அளக்கக் கையில் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மொத்த அகலமே காட்டிக்கொடுத்துவிடும். ஆறு வரி பிஜே சுமார் 14 மி.மீ., ஆறு வரி பிகே 21 மி.மீ.க்கு மேல். பிகே என்பது கார் எஞ்சினில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் ரகம், கார் பாகங்கள் விற்கிற கடையில் எளிதாகக் கிடைக்கும். அது கிடைக்கிறதே என்று வாங்கிவந்தால் பிஜே புல்லியில் உட்காராது.

நீளத்துக்குப் பழைய பெல்ட்டை வெட்டி, நேராகப் போட்டு, வெளிப்பக்கத்தை அளந்தேன். தேய்ந்த பெல்ட்டை மட்டும் நம்ப மனம் வரவில்லை. அதனால் புல்லியை வைத்துக் கணக்கும் போட்டேன். இரண்டு தண்டுகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும். இரண்டு புல்லி விட்டங்களையும் கூட்டி 1.57ஆல் பெருக்கி அதோடு சேர்க்க வேண்டும். விட்ட வித்தியாசத்தின் வர்க்கத்தை மையத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஒரு சின்னத் தொகை வரும், அதையும் சேர்க்க வேண்டும். மோட்டாரை அதன் நகர்வுப் பாதையின் நடுவில் நிறுத்தி அளந்தபோது மையத் தூரம் 250 மி.மீ., புல்லிகள் 90, 60. கணக்குப்படி 736.4 வந்தது. பிஜே வரிசையில் 737 மி.மீ. நீளத்தில் பெல்ட் உண்டு. அதையே அங்குலக் கணக்கில் 290ஜே என்பார்கள், அதாவது 29.0 அங்குலம். ஆறு வரி என்பதால் கடையில் கேட்க வேண்டியது 6பிஜே737 அல்லது 290ஜே6. மோட்டாரை நடுவில் வைத்து அளப்பது முக்கியம். அப்போதுதான் பெல்ட்டை மாட்டத் தளர்த்தவும் பின்னால் இறுக்கவும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

சென்னை பாரிமுனைப் பக்கம் பெல்ட், பேரிங் கடைகளுக்குப் போனேன். "சாம்பிள் கொண்டுவந்தீங்களா சார்?" என்பதுதான் முதல் கேள்வி, வெட்டிய துண்டை எடுத்துப் போனது நல்லதாயிற்று. ஒரு கடைக்காரர் வாஷிங் மெஷின் பெல்ட்டை எடுத்துப் போட்டு, இதுவும் அதே வரிதான் என்றார். வரி அதேதான், ஆனால் கையால் இழுத்தால் நீண்டது. மோட்டார் நகராத மெஷின்களுக்காக இழுபடும்படி செய்த பெல்ட் அது. லேத்தில் மோட்டாரை நகர்த்தித்தான் இறுக்குகிறோம், அதற்கு நீளாத பெல்ட் வேண்டும். இரண்டு கடை தள்ளி, கேட்ட எண்ணே கிடைத்தது. இரண்டாக வாங்கிக்கொண்டேன்.

இப்போது கழற்றுகிற வேலை. பெல்ட் முனையில்லாத வளையம். கட்டையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலோ, லேத்தின் இடதுபக்கப் பெட்டியான ஹெட்ஸ்டாக்கின் இரண்டு சுவர்களிலும் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிண்டிலை நகர்த்தாமல் புது பெல்ட் உள்ளே போகாது. வி-பெல்ட் லேத் வைத்திருப்பவர்களுக்குத் துண்டு துண்டாகக் கோத்த லிங்க் பெல்ட் உண்டு, எதையும் கழற்றாமல் சுற்றி மாட்டிவிடலாம். பாலி-வி புல்லிக்கு அந்த வழி இல்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்விட்சை அணைத்தால் போதாது, ஒயரே கண்முன் தனியாகக் கிடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இடது முனையின் கைச்சக்கரம், அதன் உள்ளே பேரிங்கை இழுத்துப் பிடிக்கும் நட், பிறகு புல்லியைத் தண்டோடு பிடித்துவைக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ, இந்த வரிசையில் கழன்றது. சில லேத்துகளில் கைச்சக்கரமே மரையில் ஏறியிருக்கும். எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் பலம் கொடுக்காதீர்கள். மலிவு மெஷின்களின் கிரப் ஸ்க்ரூ மென்மையான இரும்பு. குழியில் அடைத்த தூளை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு அலன் கீயை அடிவரை இறக்கினால்தான் முனை மழுங்காது. ஸ்க்ரூவை எடுத்த பிறகும் என் புல்லி அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அதே துளையில் அடியில் இன்னொரு ஸ்க்ரூ, பூட்டுப் போல. அதையும் எடுத்ததும் புல்லி விட்டுக்கொடுத்தது.

ஸ்பிண்டிலை வலதுபக்கமாக, அதாவது கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கமாகத் தட்டி வெளியேற்ற வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் ஸ்பிண்டில் முனை பிதுங்கும், அடியின் வேகம் பேரிங் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும், அப்புறம் ஆயுசுக்கும் இரைச்சல். நான் ஒரு வேப்பங்கட்டையை இடையில் வைத்து மரச் சுத்தியலால் தட்டினேன். நகராதபோது துருப்பிடிப்பு நீக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி அப்படியே விட்டுவிட்டேன். காலையில் சின்னத் தட்டலிலேயே நகர்ந்தது. முழுதாக உருவ வேண்டியதில்லை. இடது முனை பேரிங்கை விட்டு விலகி, பேரிங்குக்கும் புல்லிக்கும் நடுவே பெல்ட் நுழையும் அளவு இடைவெளி வந்தால் போதும்.

ஆனால் இவ்வளவு தூரம் வந்தபின் பேரிங்கைச் சோதிக்காமல் மூடுவது வீண். விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். இடதுபக்கத்தது மணல் போட்டதுபோல் நறநறத்தது. எண் 6005, அதாவது உள்விட்டம் 25, வெளிவிட்டம் 47, தடிமன் 12 மி.மீ. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையை வாங்கிப் போட்டேன். தூள் பறக்கிற இடத்துக்கு அதுதான் பொருத்தம்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. கிரப் ஸ்க்ரூ ஸ்பிண்டிலின் தட்டையான இடத்தில் உட்கார வேண்டும். இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், ஒரு இரும்பு ஸ்கேலைப் புல்லி முகங்களில் சாத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னுடையதில் மோட்டார் புல்லியைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. பழைய பெல்ட்டின் ஓரம் நூல் பிரிந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும். பேரிங் நட்டை, ஸ்பிண்டில் முன்பின் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கினேன், கையால் சுற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும்.

பெல்ட்டை முறுக்கேறின கம்பி போல இறுக்கத் தேவையில்லை. அதிக இழுப்பு பேரிங்கைத்தான் தின்னும். நடுவில் விரலால் அழுத்தினால் புல்லிகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு இறங்குவது சரி. என் லேத்துக்கு அது சுமார் 4 மி.மீ.

கட்டை மாட்டாமல், மூடியைப் பூட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு அதே பூவரசங்கட்டை. முன்பு நின்றுபோன அதே ஆழத்தில் உளியை வைத்தேன், சுருள் சுருளாகச் சீவல் கொட்டியது. கடைந்த பரப்பில் முன்பு தெரிந்த அலை அலையான தடமும் காணோம். அதில் பேரிங்குக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

புது பெல்ட் கொஞ்ச நேரம் ஓடினதும் பள்ளத்தில் படிந்து சற்றுத் தளரும், அதனால் ஒருமுறை மறுபடி இறுக்கினேன். உபரி பெல்ட்டை ஸ்பிண்டிலிலேயே சுற்றி ஹெட்ஸ்டாக்குக்குள் கட்டி வைப்பவர்கள் உண்டு, அடுத்த முறை கழற்ற வேண்டாமே என்று. சுழல்கிற தண்டுக்குப் பக்கத்தில் தளர்வான வளையம் கிடப்பதில் எனக்குச் சம்மதமில்லை. மடிக்காமல் பையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். பெல்ட் எண்ணையும் பேரிங் எண்ணையும் மூடியின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதியாயிற்று.