உளுந்துக்கு ரைசோபியம் கலக்கப் போறவங்க கவனத்துக்கு

ரைசோபியம் என்பது உளுந்து வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும் பாக்டீரியா. ஏக்கருக்கு 8 கிலோ விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் புரட்டுங்கள். விதை பளபளத்தால் சரி, சொதசொதத்தால் தோல் உரியும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். சூடான கஞ்சி, வெயில் இரண்டும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பூஞ்சாண மருந்து கலக்கணும்னா அதை முந்தின நாளே முடித்துவிட வேண்டும்.

வேலை செய்ததா என்று 30ஆம் நாள் பார்க்கலாம். செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, பச்சை என்றால் ஓய்ந்துவிட்டது.

முடிச்சே இல்லையா? பெரும்பாலும் காலாவதியான பாக்கெட், இல்லாவிட்டால் யூரியாவை அள்ளி வீசியிருப்பீர்கள். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது வேர் பாக்டீரியாவைச் சேர்ப்பதில்லை. தண்ணீர் தேங்கிய வயலிலும் காற்றில்லாமல் முடிச்சு செத்துப்போகும்.

சவுக்கு நாற்றுக்கு இந்தப் பாக்கெட் வேண்டாம். அங்கே முடிச்சு போடுவது பிராங்கியா என்ற வேறொரு பாக்டீரியா. வளர்ந்த சவுக்கின் வேர் முடிச்சை நசுக்கித் தண்ணீரில் கரைத்து நாற்றுப் பைக்கு ஊற்றலாம். நோயுள்ள தோப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.