தெரிந்த ஆங்கிலச் சொல், தெரியாத பொருள்: அட்டை போட்டுப் பார்த்ததில் தேறியது

புதுச்சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். 'லிஸ்ட்', 'டேபிள்', 'ஃபாஸ்ட்' வந்தால் புரட்ட மாட்டோம். தெரிந்த சொல்தானே என்று கண் தாண்டிப் போய்விடும். ஆகவே முதல் பழக்கம் இது: வாக்கியம் எங்கே இடறுகிறதோ, அங்குள்ள மிக எளிய சொல்லின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஆன்கி என்பது நினைவட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி. அதில் முன்பக்கம் சொல், பின்பக்கம் ஐந்து பொருள் என்று போட்ட அட்டைகள் தேறவில்லை. பழகிய பொருள் மனத்தில் வந்ததுமே 'தெரியும்' என்று அழுத்திவிடத் தோன்றும். ஒரு பொருளுக்கு ஓர் அட்டை, முன்பக்கம் முழு வாக்கியம், சொல்லுக்கு அடிக்கோடு என்று மாற்றியதும் பொருள் மனத்தில் நின்றது. செயலி தானாக வைத்திருக்கும் எண்ணிக்கை நாளுக்கு 20 புது அட்டை. இந்த வகைக்கு 5 போதும்.

வாக்கியத்தையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 'தி ஷிப் லிஸ்டெட் டு போர்ட்' என்பதைச் சிங்கப்பூர் என்ற துறைமுக நகரில் வாழும் நாம், கப்பல் ஏதோ துறைமுகப் பட்டியலில் சேர்ந்தது என்றுதான் படிப்போம். லிஸ்ட் என்றால் இங்கே ஒருபக்கம் சாய்வது. போர்ட் என்றால் கப்பலின் இடப்பக்கம். புதுப்பொருள் இரண்டு ஒரே அட்டையில் இருந்தால், தவறினால் எது தவறியது என்றே தெரியாது. 'தி ஷிப் லிஸ்டெட் ஹெவிலி' என்று சுருக்கி, போர்ட்டுக்குத் தனி அட்டை போடுங்கள்.

எதிரெதிர்ப் பொருள் கொண்டவை இன்னும் தொல்லை. 'சேங்ஷன்' வினையாக வந்தால் பெரும்பாலும் அனுமதிப்பது. பன்மைப் பெயராக வந்தால் தடை. இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்தால் நிச்சயம் குழம்பும். செயலி முதல் அட்டையை மறுபடி காட்டும் இடைவெளி 21 நாளைத் தாண்டிய பிறகே இரண்டாவதைச் சேர்க்கலாம். 'டேபிள்' என்பதற்கு நாட்டையும் எழுத வேண்டும்: பிரிட்டிஷ் வழக்கிலும் சிங்கப்பூர் நாடாளுமன்றத்திலும் அவைமுன் வைப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது.

அகராதியின் வரிசையும் முக்கியம். பயிலுநர் அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முதலில் தரும். நமக்கு வேண்டியது அடியில் கிடக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி காலவரிசைப்படி போகும், பழைய பொருள் முதலில். 'ஃபாஸ்ட்' அங்கேதான் தெளிந்தது. உறுதியாக, அசையாமல் என்பதே மூத்த பொருள்; வேகம் பின்னால் வந்தது. சாயம் போகாத துணி, ஆழ்ந்த உறக்கம், உண்ணாமல் உறுதி காக்கும் நோன்பு மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன. மாணவர் என்று பழகிய 'பியூப்பில்' என்ற சொல்லைக் கண்ணின் கருமணியோடு சேர்ப்பதும் சுலபம். கண்ணுக்குள் தெரியும் சிற்றுருவத்தை லத்தீன் சிறு பொம்மை என்றது, தமிழ் பாவை என்றது. இப்படி வேர் பிடிபட்ட சொற்களுக்கு அட்டை அதிகம் தேவைப்படாது.

உள்ளூர்ப் பொருள்களுக்கு ஓரத்தில் 'சி' என்று குறியிடலாம். 'கம்பெனி சாப்' என்பதில் சாப் முத்திரை. வெட்டுவதற்கும் அதற்கும் உறவில்லை. 'ஐ வில் செண்ட் யூ ஹோம்' என்றால் இங்கே கூடவே வந்து வீட்டில் விடுவது. வெளிநாட்டவர் காதில் அது தனியே அனுப்பிவைப்பதாக விழும்.

உச்சரிப்பு மாறுபவற்றுக்குப் பின்பக்கம் ஒலியையும் எழுதுங்கள்: நேரம் 'மினிட்', மிகச் சிறியது 'மைன்யூட்'.

அடுத்து சட்டச் சொற்கள். சிங்கப்பூர்ச் சட்டங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல சட்டங்களில் 2ஆம் பிரிவே பொருள்விளக்கம். அட்டைக்கு வாக்கியம் தேட அங்கே தொடங்கலாம். முதலில் எடுக்க வேண்டியவை, ஆவணம் என்ற பொருளில் 'இன்ஸ்ட்ருமெண்ட்', ஒப்பந்தத்தில் மறுபயன் என்ற பொருளில் 'கன்சிடரேஷன்'.